விளக்கும் கணக்கும்

சென்ற ஆண்டு, தாதிமைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், எலும்பு அறுவை சிகிச்சை வார்டு ஒன்றில் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் 78 வயதுத் தமிழ்த் தாத்தா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அன்று அந்த வார்டில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்னைப் பார்த்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும்.

காலையில் அவருக்குப் போட்டிருந்த சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். குழாயை எடுத்தபிறகு அவர் தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அளந்து எழுதுவது என் வேலை. சொன்ன நேரத்துக்குள் போகவில்லை என்றால் உடனே மூத்த தாதியிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டு முறை கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். பிறகு பேச்சு வளர்ந்தது. இளமையில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, மறைந்துபோன மனைவி வைக்கும் மீன்குழம்பு, தேக்கா சந்தையின் பழைய கதைகள் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அவர் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்காகத்தானே இந்தப் படிப்பில் சேர்ந்தோம் என்று எனக்குள் ஒரு பெருமிதம். அளவுக் குறிப்பேட்டை மறந்தே போனேன்.

மாலையில் வேலை மாறும் நேரத்தில் மூத்த தாதி ஒருவர் குறிப்பேட்டைப் பார்த்தார். காலையிலிருந்து கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தபோது 700 மில்லிலிட்டருக்கு மேல் சிறுநீர் தேங்கியிருந்தது. தாத்தாவுக்கு மதியத்திலிருந்தே வலி. பேத்தி வயதுப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குக் கூச்சம். ஆசையாகக் கதை கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் பொறுத்துக்கொண்டாராம். மறுபடியும் குழாய் போட வேண்டியதாயிற்று. மூத்த தாதி என்னைத் திட்டவில்லை. அன்பாக இருப்பது நல்லதுதான், ஆனால் அன்பு வலியைக் கண்டுபிடிக்காது, குறிப்பேடுதான் கண்டுபிடிக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அந்தப் பேச்சு பல நாள் என்னைக் குடைந்தது. படிவம் நிரப்புவது, எண்களைப் பதிவது எல்லாம் இயந்திர வேலை, நோயாளியின் பக்கத்தில் உட்கார்வதுதான் உண்மையான சேவை என்று அதுவரை நம்பியிருந்தேன். இந்த நிலையில்தான், வேறொரு பாடத்துக்காக நூலகத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தேன். தொடக்கப்பள்ளிப் புத்தகத்தில் கையில் விளக்குடன் நிற்கும் பெண்ணாக மட்டுமே அவரை எனக்குத் தெரியும். படித்து முடித்தபோது தெரிந்தது, அவருக்கும் ஒரு காலியான குறிப்பேடு இருந்திருக்கிறது. அதன் விலை என்னுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது.

செல்வ வீட்டுப் பெண்ணின் பிடிவாதம்

நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் அந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தனர். நேப்பிள்ஸ் நகரில் பிறந்த அக்காவுக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் பிள்ளைகளைப் பெற்று ஊர்ப்பெயர் வைக்கும் அளவுக்கு வசதியான குடும்பம். இங்கிலாந்தின் டார்பிஷியரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷியரில் எம்ப்ளி என்னும் இன்னொரு மாளிகை. தாயைப் பெற்ற தாத்தா அடிமை வணிகத்துக்கு எதிராகக் குரல் கொடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்.

அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அவருடைய தந்தையே மகள்கள் இருவருக்கும் வீட்டில் லத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் கற்றுக்கொடுத்தார். இளையவளுக்குக் கணக்கின்மீது தனி ஆசை. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்பது தாயின் எண்ணம். மகள் விடவில்லை.

1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி, 16 வயதில், எம்ப்ளி வீட்டில் கடவுள் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். தம் குறிப்பில் அந்தத் தேதியை எழுதி வைத்தார். வாழ்நாள் முழுவதும் அந்த நாளை மறக்கவில்லை. ஆனால் என்ன தொண்டு, எங்கே, எப்படி என்று அந்த அழைப்பு எதுவும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

தாதியாக வேண்டும் என்று அவர் முடிவு செய்து, 1845ஆம் ஆண்டில் அருகிலிருந்த சால்ஸ்பரி மருத்துவமனையில் பயிற்சி பெற விரும்புவதாக வீட்டில் சொன்னார். வீடு அதிர்ந்துபோனது. அக்கால மருத்துவமனைகள் அழுக்கும் நெரிசலும் நிறைந்த இடங்கள். வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். அங்கே வேலை பார்த்த பெண்கள் குடிப்பவர்கள், ஒழுக்கமற்றவர்கள் என்ற கெட்ட பெயர் இருந்தது. தாய் அழுதார். அக்கா பதறிப்போனார். ஆசை அடக்கப்பட்டது.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தாதிமை படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் யாரும் மயங்கி விழவில்லை. ஆனால் தீபாவளிக்கு வந்த உறவினர்கள், நல்ல மதிப்பெண் இருந்தும் டாக்டருக்கு ஏன் படிக்கவில்லை என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லாமல் முறுக்குத் தட்டை நீட்டினார்.

16 ஆண்டுக் காத்திருப்பு

தடை போட்டவுடன் அவர் சும்மா இருந்துவிடவில்லை. விடியற்காலையில் எழுந்து, வீட்டார் எழுவதற்குமுன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மருத்துவமனை அறிக்கைகளையும் அரசாங்கச் சுகாதார அறிக்கைகளையும் படித்தார். குறிப்பேடு குறிப்பேடாக எழுதி நிரப்பினார். காலை உணவு வேளையில் வழக்கமான செல்வ வீட்டு மகளாகக் கீழே இறங்கி வருவார். ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்னும் கவிஞரும் அரசியல்வாதியுமான ஒருவர் அவரை மணக்க விரும்பினார். நைட்டிங்கேலுக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனாலும் மறுத்துவிட்டார். இல்லறமும் இந்த வேலையும் ஒன்றாகச் செல்லாது என்பது அவர் முடிவு.

1849ஆம் ஆண்டில் நண்பர்களுடன் எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் பயணம் போனார். ஏதென்சில் சிறுவர்கள் துன்புறுத்திக்கொண்டிருந்த ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டு, அதற்கு அதீனா என்று பெயர் வைத்துச் சட்டைப் பையிலேயே வைத்து வளர்த்தார். அந்தப் பயணத்தின் முடிவில் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் பாதிரியார் ஃபிளீட்னர் நடத்திய மருத்துவமனையைப் பார்த்தார். அங்கே எளிய குடும்பத்துப் பெண்கள் சமயத் தொண்டாக நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார்கள். 1851ஆம் ஆண்டில் மீண்டும் அங்கே சென்று 3 மாதம் தங்கிப் பயிற்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 31.

1853ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லண்டன் ஹார்லி ஸ்ட்ரீட்டில், நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பாளரானார். அழைப்பு வந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த முதல் வேலையிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய் வேண்டும் என்றார். சாப்பாட்டை மேலே கொண்டுவர இழுவை லிஃப்ட் கேட்டார். நோயாளி மணி அடித்தால் எந்த அறையிலிருந்து அழைப்பு வந்தது என்று தாதிக்கு உடனே தெரிய வேண்டும், அதற்கேற்ற மணியைப் பொருத்துங்கள் என்றார். இன்று நம் வார்டுகளில் படுக்கை எண்ணுடன் விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு அந்த மணி நினைவுக்கு வருகிறது.

இன்னொரு நிபந்தனையும் வைத்தார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டுமே சேர்க்க நிர்வாகக் குழு விரும்பியது. கத்தோலிக்கரையும் யூதரையும் மற்றச் சமயத்தவரையும் சேர்க்க வேண்டும், அவரவர் குருமார் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும், இல்லையென்றால் தாம் விலகிவிடுவதாகச் சொன்னார். கடவுளின் அழைப்பைக் கேட்டு வந்தவர், நோயாளியின் கடவுள் யார் என்று கேட்க மறுத்தார். பல சமயத்தவர் ஒரே வார்டில் படுத்திருக்கும் ஊரில் வாழும் எனக்கு இது முக்கியமாகப்பட்டது.

ஸ்குட்டாரி

1854ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகக் கிரைமியப் போரில் இறங்கின. காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்கள் கருங்கடலைக் கப்பலில் கடந்து, இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே கட்டுப்போடத் துணியில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று டைம்ஸ் நாளிதழ் எழுதியது. நாடே கொதித்தது. போர்த்துறைச் செயலாளராக இருந்த சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். தாதியரை அழைத்துச் செல்ல முடியுமா என்று கேட்டு அவர் எழுதிய கடிதமும், போக அனுமதி கேட்டு நைட்டிங்கேல் எழுதிய கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்தன. புறப்படும் அவசரத்தில் கவனிக்க ஆளின்றி ஆந்தை அதீனா இறந்துபோனது.

அக்டோபர் 21ஆம் தேதி 38 பெண்களுடன் புறப்பட்டார். அவர்களில் 24 பேர் கன்னியர் மடங்களையும் சமயச் சகோதரியர் அமைப்புகளையும் சேர்ந்தவர்கள், 14 பேர் மருத்துவமனைத் தாதியர். நவம்பர் தொடக்கத்தில் ஸ்குட்டாரி போய்ச் சேர்ந்தபோது, இராணுவ மருத்துவர்கள் அவர்களை வார்டுக்குள் விடவில்லை. அவர் சண்டை போடவில்லை. மருத்துவர்கள் கேட்காமல் யாரும் ஒரு நோயாளியையும் தொடக்கூடாது என்று தம் பெண்களுக்கே கட்டளையிட்டார். அவர்கள் உட்கார்ந்து துணி தைத்தார்கள். சில நாட்களில் போர்க்களத்திலிருந்து கப்பல் கப்பலாகக் காயம்பட்டவர்கள் வந்து குவிந்தபோது, மருத்துவர்களே கூப்பிட்டார்கள்.

அந்தப் பெரிய படைவீட்டு மருத்துவமனையில் படுக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 4 மைல் நீளும் என்பார்கள். தரை முழுக்க அழுக்கு, எலிகள், பேன். டைம்ஸ் நாளிதழ் திரட்டிய நிதியிலிருந்து சட்டை, போர்வை, சோப்பு, தரை தேய்க்கும் தூரிகை எல்லாம் வாங்கினார். வீரர்களின் மனைவியரை வைத்துச் சலவைக்கூடம் தொடங்கினார். நோயாளிகளுக்கு ஏற்ற உணவு சமைக்கத் தனிச் சமையலறைகள் வந்தன. வீரர்கள் சம்பளப் பணத்தைக் குடித்துத் தீர்க்காமல் வீட்டுக்கு அனுப்ப வழி செய்தார். இறந்தவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் தம் கையாலேயே கடிதம் எழுதினார்.

இரவு 8 மணிக்குமேல் வார்டில் அவரைத் தவிர வேறு பெண்களுக்கு அனுமதியில்லை. அந்த நேரத்தில்தான் கையில் விளக்குடன் தனியாக நடந்தார். படங்களில் காட்டுவதுபோல் அது எண்ணெய் ஊற்றி எரிக்கும் அகல்விளக்கு அன்று. மடித்து விரிக்கக்கூடிய துருக்கிய விளக்குக் கூண்டு. அந்தக் காட்சி பத்திரிகையில் வந்து, கவிஞர் லாங்ஃபெல்லோவின் பாடலாகி, உலகம் முழுவதும் பரவியது.

விளக்கு மட்டும் போதவில்லை

பள்ளிப் புத்தகம் இங்கேயே நின்றுவிடும். ஆனால் அவர் வந்தபிறகும் ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை. குளிர்காலத்தில் கூடிக்கொண்டே போனது. 1855ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 42 பேர் இறந்தார்கள். குண்டடி பட்டு இறந்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, காலரா, டைஃபஸ் காய்ச்சல் போன்றவற்றால் இறந்தவர்கள் பல மடங்கு. தாதியர் இரவு பகலாக உழைத்தார்கள். அன்புக்கு அங்கே குறைவில்லை. அவ்வளவு அன்புக்கு நடுவிலும் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின்மேல் நிற்பதை அவர்கள் கண்டார்கள். குடிநீர் வரும் வழியில் விலங்குகளின் பிணங்கள் கிடந்தன. குழு சாக்கடைகளைக் கழுவியது, நீரைச் சுத்தமாக்கியது, காற்றோட்டத்துக்குச் சுவர்களையும் கூரைகளையும் திறந்துவிட்டது, நெரிசலைக் குறைத்தது. ஜூன் மாதத்துக்குள் இறப்பு 100க்கு 2 பேராகக் குறைந்தது.

போர் முடிந்து 1856ஆம் ஆண்டு ஆகஸ்டில் நைட்டிங்கேல் இங்கிலாந்து திரும்பினார். வரவேற்பு விழாக்களைத் தவிர்க்க, வேறு பெயரில் பயணம் செய்து யாருக்கும் தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தார். பின்னர் வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிவர நிபுணருடன் உட்கார்ந்து, இராணுவத்தின் சாவுக் கணக்கைப் பகுத்துப் பார்த்தார். மோசமான உணவும் குளிரும் சோர்வும்தான் வீரர்களைக் கொன்றன என்று போர்க் காலத்தில் அவர் பெரிதும் நம்பியிருந்தார் என்றும், மருத்துவமனைக் கட்டடத்தின் சுகாதாரக் கேடே அத்தனை பேரைப் பலிகொண்டது என்பதை இந்தக் கணக்குதான் அவருக்குக் காட்டியது என்றும் சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வேறு சிலர் இதை மறுக்கிறார்கள். எப்படியானாலும், 1857ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் உடல் நொறுங்கிப் படுக்கையில் விழுந்தார். கிரைமியாவில் பிடித்த காய்ச்சலின் தொடர்ச்சியாக இருக்கலாம். மனமும் சேர்ந்து உடைந்திருக்கலாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் கையைப் பிடித்திருந்த என் கை நினைவுக்கு வந்தது.

வண்ணத்தில் ஒரு வழக்கு

என் ஒரு சிறு தவற்றுக்கே நான் படிப்பை விட்டுவிடலாமா என்று இரண்டு இரவு யோசித்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கணக்கை ஒளிக்காமல் ஊருக்கே காட்டினார்.

1854 ஏப்ரல் முதல் 1856 மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தையும் வட்டத்தின் ஒரு துண்டாக வரைந்தார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களுக்கு நீலம், காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் நீலம் சிவப்பை விழுங்கி நிற்பது தெரியும். எண்களைப் படிக்கப் பொறுமையில்லாத அமைச்சர்களும் படத்தைப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. போரில்லாத காலத்திலும் இங்கிலாந்தின் படைவீடுகளில் இளம் வீரர்கள், அதே வயதுப் பொதுமக்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சாகிறார்கள் என்பதையும் அவர் நிறுவினார். அரச விசாரணைக் குழு அமைந்தது. படைவீடுகளும் இராணுவ மருத்துவமனைகளும் மாறத் தொடங்கின. 1858ஆம் ஆண்டில் லண்டன் புள்ளிவிவரக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

1859ஆம் ஆண்டில் தாதிமை பற்றிய குறிப்புகளாக ஒரு சிறு நூல் எழுதினார். தாதியருக்காக மட்டுமன்றி, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் எல்லாப் பெண்களுக்காகவும் எழுதப்பட்ட நூல் அது. காற்று, வெளிச்சம், சத்தம், உணவு, படுக்கை என்று ஒவ்வொன்றாகப் பேசுகிறது. நோயாளியின் கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று வெறும் வாய்ச்சொல்லாக ஆறுதல் கூறுபவர்களைக் கடிந்துகொள்கிறது. நோயாளியை உற்றுப் பார்த்துத் துல்லியமாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகத் தூங்கினார் என்பதைவிட எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று சொல்லுங்கள் என்பது அதன் சாரம்.

அதில் ஓர் அத்தியாயம் சின்னச் சின்ன நிர்வாகம் பற்றியது. நீங்கள் இருக்கும்போது செய்வதை, நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யாவிட்டால் உங்கள் அன்பால் நோயாளிக்குப் பெரிய பயன் இல்லை என்று அங்கே விளக்குகிறார். என் காலிக் கட்டங்கள் ஏன் தவறு என்பது எனக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. நான் எழுதாததால், எனக்குப் பின் வந்த தாதிக்குத் தாத்தா ஒரு வெற்றுக் கட்டமாக இருந்தார்.

கடவுளும் சாக்கடையும்

கணக்கில் இவ்வளவு மூழ்கியவர் தம் ஆன்மிகத்தை விட்டுவிட்டாரா? இல்லை. 1860ஆம் ஆண்டில் 800 பக்கங்களுக்கு மேற்பட்ட சமயத் தத்துவ நூலொன்றைத் தனிப்பட்ட முறையில் அச்சிட்டு, சிலருக்கு மட்டும் படிக்கக் கொடுத்தார். உலகம் சட்டங்களால் இயங்குகிறது, அந்தச் சட்டங்கள் கடவுளின் எண்ணம், அவற்றைக் கண்டுபிடித்து அவற்றுக்கேற்ப நடப்பதே வழிபாடு என்பது அவர் கொள்கை. நகரத்துச் சாக்கடையெல்லாம் குடிநீர் எடுக்கும் ஆற்றில் கலந்துகொண்டிருக்கும்போது, கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றும்படி கோயிலில் மண்டியிட்டு வேண்டுவது அவருக்கு விந்தையாகப்பட்டது. பிந்தைய ஆண்டுகளில் இடைக்கால ஞானியரின் எழுத்துகளைத் தொகுத்து மொழிபெயர்ப்பதிலும் ஈடுபட்டார். எனவே சாவுப் பட்டியலைக் கூட்டிக் கழிப்பதும் அவருக்கு ஒரு தியானம்போலத்தான் இருந்தது.

எங்கள் அப்பத்தா நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில் திருநீறு பூசுவார், அடுத்த நொடி தண்ணீர் குடித்தாயா, எத்தனை இட்லி சாப்பிட்டாய் என்று எண்ணிக்கை கேட்பார். இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. படித்த எனக்குத்தான் பிரிவினை வந்திருந்தது.

படுக்கையிலிருந்து ஓர் அலுவலகம்

1857க்குப் பிறகு அவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, பல ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். பூனைகள் துணை. அமைச்சர்களும் அதிகாரிகளும் அவரைத் தேடி வந்தார்கள். மக்கள் நன்றியாகத் திரட்டித் தந்த ஏறத்தாழ 44,000 பவுண்டு நிதியைக் கொண்டு, 1860ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. எந்தத் திருச்சபையையும் சாராத பள்ளி அது. அங்கே பயின்றவர்கள் ஏழைகள் அடைக்கலம் தேடும் லிவர்பூல் பணிமனை மருத்துவமனைக்கும் போனார்கள். காசில்லாதவனுக்கும் பயிற்சி பெற்ற தாதி வேண்டும் என்பது அப்போது புதிய எண்ணம்.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூடச் சென்றதில்லை. ஆனாலும் அங்குள்ள படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த மூட்டை மூட்டையான பதில்களைப் பகுத்து ஆராய்ந்தார். அங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்களின் இறப்பு ஆண்டுக்கு 1,000க்கு 69 பேர் என்ற நிலையிலிருந்து 18 பேராகக் குறைந்ததாக 1873ஆம் ஆண்டில் அவர் தெரிவித்தார். படைவீரரில் தொடங்கிய அக்கறை கிராம மக்களுக்கும் விரிந்தது. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியபோது, குடியானவர்களின் நிலையைப் பற்றிக் கடுமையாக எழுதினார். காவிரி, கோதாவரிப் பாசனத்துக்குப் பாடுபட்ட பொறியாளர் ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனத் திட்டங்களை ஆதரித்தார். நம் முன்னோர் பலர் அந்த வறட்சியிலிருந்து தப்பித்தான் கப்பலேறினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, லண்டனில் ஒரு படுக்கையறை அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றியது.

குறைகளும் உண்டு

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. தம் நோக்கத்துக்காக நண்பர்களை வாட்டி வேலை வாங்கினார். சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் தளர்ந்துகொண்டிருந்தபோதும் விடாமல் நெருக்கினார். 1861ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் இறந்தபிறகு கலங்கினார். நோயாளியின் முகத்தைப் படிக்கக் கற்றுத்தந்தவர், பக்கத்திலிருந்த நண்பரின் நோயைப் படிக்கத் தவறினார். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பதை ஏற்க நெடுங்காலம் தயங்கினார். தாதியரைத் தேர்வு வைத்துப் பதிவு செய்யும் திட்டத்தையும் எதிர்த்தார். நல்ல குணத்தைத் தேர்வு அளக்காது என்பது அவர் வாதம். இன்று அந்தப் பதிவு இல்லாமல் நாங்கள் யாரும் வேலை செய்ய முடியாது.

ஜமைக்காவைச் சேர்ந்த மேரி சீகோல் என்னும் கலப்பினப் பெண்மணியும் அதே போரில் தொண்டாற்றியவர். லண்டனில் அதிகாரிகள் அவரைத் தாதியர் குழுவில் சேர்க்க மறுத்ததால், சொந்தச் செலவில் கிரைமியா போய் வீரர்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்தார். நைட்டிங்கேல் அவரைப் பற்றித் தனிப்பட்ட கடிதத்தில் எழுதியது பெருந்தன்மையானதல்ல. 2016ஆம் ஆண்டில் சீகோலுக்குச் சிலை வைத்தார்கள். நைட்டிங்கேல் பள்ளி தொடங்கிய செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் இன்றைய வளாகத்தில்தான் அது நிற்கிறது.

முதுமையில் நைட்டிங்கேலுக்குக் கண்பார்வை போய்விட்டது. 1907ஆம் ஆண்டில் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற முதல் பெண்ணானார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி 90 வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். எம்ப்ளிக்கு அருகில் உள்ள கிராமத்துத் தேவாலய வளாகத்தில், பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும் பொறித்த கல்லின்கீழ் அவர் இருக்கிறார்.

மீண்டும் வார்டில்

அவர் பிறந்த மே 12ஆம் தேதியை உலகம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. சிங்கப்பூரில் நமக்கு ஆகஸ்ட் 1. 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கன்னியர் இங்குள்ள பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கியதை நினைவுகூரும் நாள் அது. இங்கும் முதலில் வந்தவர்கள் அருள்தொண்டர்கள், பின்னர் வந்தது பயிற்சியும் பதிவும்.

மூன்று நாள் விடுப்புக்குப் பின் வார்டுக்குத் திரும்பியபோது தாத்தா அங்கேதான் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அதை விடும்மா, மீன்குழம்புக் கதை பாதியில் நிற்கிறது என்றார். முதலில் குறிப்பேட்டை எடுத்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், வயிறு இறுக்கமாக இருக்கிறதா, கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்று தெளிவாகக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இந்த முறை குழாயை எடுத்தபிறகு, இரண்டாவது மணி நேரத்தில் 250 மில்லிலிட்டர். நேரத்தையும் அளவையும் எழுதி, என் பெயரின் முதலெழுத்தையும் போட்டேன்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மீதிக் கதையைக் கேட்டேன். குழம்பில் புளி சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டுமாம்.